ஸ்வீப் அடிச்சா ஸ்ட்ரம் மாதிரியே கேக்குது, என்ன பண்றது?

கேள்வி: சார் வணக்கம். நான் சேலம் அம்மாபேட்டை, இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிறேன். வீட்ல கைத்தறி, அப்பா அம்மா ரெண்டு பேரும் நெசவு. செகண்ட் ஹேண்ட்ல ஒரு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கி ரெண்டு வருஷமா வாசிக்கிறேன், கார்டு, ஸ்கேல் எல்லாம் ஓரளவு வரும். ஆறு மாசமா ஸ்வீப் பிக்கிங் ட்ரை பண்றேன், அதான் பிக்கை ஒரே இழுப்புல ஸ்ட்ரிங் ஸ்ட்ரிங்கா ஓட விட்டு கார்டு நோட்டுங்களை ஒவ்வொன்னா வாசிக்கிறது, ஏ மைனர் அஞ்சு ஸ்ட்ரிங் ஷேப். மெட்ரோனோம்ல (தாளம் தட்டற கருவி) நிமிஷத்துக்கு 120 கிளிக் வரைக்கும் ஏத்திட்டேன், ஒரு கிளிக்குக்கு நாலு நோட்டு. ஆனா போன்ல ரெக்கார்ட் பண்ணி கேட்டா கார்டை வேகமா ஸ்ட்ரம் பண்ண மாதிரி தான் இருக்கு. ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் தான் டைம் கிடைக்கும், அதனால ஆம்ப் போடாம தான் வாசிப்பேன். இப்ப இடது மணிக்கட்டு வேற வலிக்குது. என் விரல் குட்டை, அதனாலயா? கிட்டார் மாத்தணுமா? பிப்ரவரில காலேஜ் கல்ச்சுரல்ஸ் வருது, அதுல சோலோல இதை வாசிக்கணும்னு ஆசை.

பதில்: தம்பி, மத்ததெல்லாம் அப்புறம், மொதல்ல அந்த மணிக்கட்டு. வலி போற வரைக்கும் அந்த ஷேப்பை தொடாதீங்க. விரல் மரத்துப் போறது, ஊசி குத்துற மாதிரி இருக்கிறது, இதெல்லாம் சேர்ந்து இருந்தா டாக்டரைப் பாத்துடுங்க, தைலம் தேச்சுட்டு மறுபடி வாசிக்க உக்காராதீங்க. வெறும் வலி மட்டும்னா நீங்க உக்கார்ற விதத்துல தான் கோளாறு இருக்கும்னு நினைக்கிறேன். நம்ம பசங்க கட்டில்ல சாஞ்சுக்கிட்டு கிட்டாரை வலது தொடை மேல போட்டு, கிட்டாரோட கழுத்து தரையைப் பாத்து தொங்குற மாதிரி வச்சு வாசிப்பாங்க, அப்ப இடது மணிக்கட்டு மடங்கித் தான் ஆகணும், வேற வழியே இல்ல. கையில்லாத நாற்காலில நேரா உக்காந்து, கிட்டாரை இடது தொடை மேல வச்சு, கழுத்தை கொஞ்சம் மேல தூக்கிப் பாருங்க, கட்டை விரல் கழுத்துக்குப் பின்னாடி நடு விரலுக்கு நேரா இருக்கட்டும், மணிக்கட்டு தானா நேராயிடும். மேடைல நின்னு வாசிக்கப் போறீங்கன்னா ஸ்ட்ராப்பையும் அதே உயரத்துக்கு ஏத்துங்க. முழங்கால் வரைக்கும் தொங்கவிட்டா போட்டோல கெத்தா இருக்கும், ஆனா ஸ்வீப் வராது.

விரல் குட்டைங்கறது எனக்கு அடிக்கடி வர்ற கேள்வி. உங்க கிட்டார் சாதாரண 25.5 இன்ச் ஸ்கேல்னா, உங்க ஷேப் இருக்கிற 12வது ஃப்ரெட்ல (கழுத்து மேல இருக்கிற கம்பிக் கட்டை) இருந்து 17வது ஃப்ரெட் வரைக்கும் சுமார் 8 சென்டிமீட்டர் தான் வரும். அதே அஞ்சு ஃப்ரெட் தூரம் 7ல இருந்து 12ன்னா கிட்டத்தட்ட 11 சென்டிமீட்டர். கையை டேபிள் மேல விரிச்சு ஆள்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவுல ஒரு ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க, எட்டு வந்துட்டா விரல் மேல பழி போட முடியாது. எட்டலன்னா கூட மேல இருக்கிற ஃப்ரெட்ல ஆரம்பிச்சு பழகலாம், அங்க இன்னும் நெருக்கம். கிட்டாரும் மாத்த வேண்டாம், காசை வச்சுக்கோங்க. 12வது ஃப்ரெட்ல ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி 2 மில்லிமீட்டருக்கு ரொம்ப மேல இருந்தா மட்டும் தெரிஞ்சவங்க கிட்ட குடுத்து இறக்கிக்கோங்க, 9 இல்லன்னா 10 கேஜ், அதாவது மெல்லிசு, ஸ்ட்ரிங் போடுங்க. பிக் மட்டும் கட்டாயம் மாத்துங்க. ஸ்ட்ரம் பண்ற மெல்லிசு பிக் வளையும், வளைஞ்சா ஒவ்வொரு ஸ்ட்ரிங்லயும் ஒரு லேட் வரும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல தடிமனா, முனை கூரா, சின்ன சைஸா இருக்கணும், டன்லப் ஜாஸ் 3 நைலான் பிக் 1.38 மில்லிமீட்டர், நிறைய பேர் அதைத் தான் வச்சிருக்காங்க.

இப்ப விஷயத்துக்கு வருவோம். உங்க வாசிப்பு ஸ்ட்ரம் மாதிரி கேக்குதுன்னா நீங்க நிஜமாவே ஸ்ட்ரம் தான் பண்றீங்க. அஞ்சு ஸ்ட்ரிங்லயும் விரலை அழுத்திப் புடிச்சுக்கிட்டே பிக்கை இழுக்கிறீங்க, அப்ப நோட்டெல்லாம் ஒன்னு மேல ஒன்னு ஏறி ஒலிக்கும். ஆர்பெஜியோ, அதாவது கார்டை நோட்டு நோட்டா பிரிச்சு வாசிக்கிறது, உங்களுக்குப் புதுசு இல்ல, ராஜா சார் பாட்டுல கிட்டார் தனியா வர்ற இடத்துல எத்தனை தடவை கேட்டிருப்பீங்க, அங்க ஒரு நோட்டு ஓயறதுக்குள்ள அடுத்தது வந்து கலக்கணும், அந்தக் கலப்பு தான் அழகு. ஸ்வீப்ல கலக்கவே கூடாது. ஒரு நேரத்துல ஒரு நோட்டு தான் உயிரோட இருக்கணும், அடுத்தது பிறக்கிற நொடில முந்தினது செத்துடணும். கார்டோட நோட்டுங்க தான், ஆனா வீணைலயோ வயலின்லயோ ஒத்தை நோட்டா ஓடுற மாதிரி கேக்கணும்.

அந்தக் கொல்ற வேலை பூரா இடது கையோடது. நோட்டு ஒலிச்சதும் விரலை அழுத்தறதை விடணும், ஆனா ஸ்ட்ரிங்கை விட்டு எடுத்துடக் கூடாது. எடுத்தா ஓப்பன் ஸ்ட்ரிங் கொய்ங்னு கத்தும், தொட்டுக்கிட்டே தளர்த்தினா தான் சத்தம் நிக்கும். வலது உள்ளங்கையோட ஓரம் கூடவே வந்து, வாசிச்சு முடிச்ச தடி ஸ்ட்ரிங்குங்களை மூடிக்கிட்டே வரணும். திரும்பி மேல வர்றப்ப மெல்லிசு ஸ்ட்ரிங்குங்களை உள்ளங்கையால மூட முடியாது, அதுக்கு இடது ஆள்காட்டி விரலோட அடிப்பக்கம் லேசா படிஞ்சு இருக்கணும். இதை நிறைய பேர் வீடியோல விளக்கமா சொல்றதில்ல, அஞ்சே நிமிஷத்துல ஸ்வீப்னு தலைப்பு போட்டு ஷேப் மட்டும் காட்டிட்டுப் போயிடுவாங்க, அந்த அஞ்சு நிமிஷத்துக்குள்ள இதைச் சொல்லி முடிக்க முடியாதே.

நீங்க நெசவு வீட்டுப் பையன், இதை உங்களுக்கு சொல்றது சுலபம். மிதி அழுத்தி பாவு நூல் முழுசா திறந்தப்புறம் தான் ஊடு நூலைக் கொண்டு போற நாடா ஓடணும். பாவு பாதி திறந்திருக்கிறப்ப நாடாவை விட்டா என்ன ஆகும்னு அப்பாவைக் கேளுங்க, இழை அறுந்து அன்னைக்கு வேலையே நிக்கும். உங்க கிட்டார்ல இப்ப அது தான் நடக்குது, இடது விரல் தயாராகறதுக்கு முன்னாடியே பிக் ஓடிடுது.

ஏன் ஓடுதுன்னா, ஸ்வீப்னாலே வலது கை வேகம்னு ஒரு நினைப்பு எல்லாருக்கும் இருக்கு. உண்மைல வலது கை தான் இதுல ரொம்ப சோம்பேறி. ஒன்னு கீழ ஒன்னு மேலன்னு அடிக்கிற ஆல்டர்நேட் பிக்கிங்ல ஒவ்வொரு நோட்டுக்கும் கை திசை மாறணும், இங்க அந்த வேலையே கிடையாது, ஒரே திசைல பிக் அடுத்த ஸ்ட்ரிங் மேல விழுந்து அங்கயே உக்காந்திருக்கணும், கிளிக் வந்ததும் அடுத்ததுல விழணும். விழறது, உக்கார்றது, விழறது, உக்கார்றது. மெதுவா பழகறப்பவே இந்த உக்கார்றதைப் பண்ணணும். நிறைய பேர் மெதுவா வாசிக்கிறப்ப ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் தனித்தனியா அடிச்சுட்டு கையைக் காத்துல தூக்கிடுவாங்க, அது வேற அசைவு, அதை வருஷக்கணக்கா பண்ணினாலும் ஸ்வீப்பா மாறாது. பிக்கையும் நேரா நட்டு வைக்காம, போற திசைக்கு முனை கொஞ்சம் பின்தங்கி வர்ற மாதிரி சாய்ச்சுப் புடிச்சா ஸ்ட்ரிங் மேல வழுக்கிக்கிட்டு போகும்.

அடுத்து உங்க 120. இதைப் படிச்சதும் எனக்கு பாதி விஷயம் புரிஞ்சுடுச்சு. நீங்க வாசிக்கிற அஞ்சு ஸ்ட்ரிங் ஏ மைனர் இது தானே (நம்பர் ஃப்ரெட், ஒன்னாவது தான் ரொம்ப மெல்லிசு ஸ்ட்ரிங்): அஞ்சாவது ஸ்ட்ரிங்ல 12, அப்புறம் 15, நாலாவதுல 14, மூணாவதுல 14, ரெண்டாவதுல 13, ஒன்னாவதுல 12, அப்புறம் 17, அங்கிருந்து அதே வழில திரும்பி 12, 13, 14, 14, கடைசில அஞ்சாவது ஸ்ட்ரிங் 15. எண்ணிப் பாருங்க, ஒரு சுத்துக்கு 12 நோட்டு. இதை கிளிக்குக்கு நாலுன்னு வச்சா, மொதல் கிளிக் அடி நோட்டுல விழும், ரெண்டாவது ரெண்டாம் ஸ்ட்ரிங்ல ஏறிட்டு இருக்கிறப்ப விழும், மூணாவது அதே ரெண்டாம் ஸ்ட்ரிங்ல இறங்கறப்ப விழும். திரும்பற உச்சில கிளிக்கே கிடையாது. அப்ப உங்க கைக்கு புடிமானம் எங்க? நடுவுல இருக்கிறதை எல்லாம் கை ஒரே இழுப்புல முழுங்கிடும்.

கிளிக்குக்கு ஆறா பிரிங்க. அப்ப மொதல் கிளிக் அடி நோட்டு, ரெண்டாவது கிளிக் சரியா உச்சில 17வது ஃப்ரெட், மறுபடி அடி, மறுபடி உச்சி. வாயால தகிட தகிட, தகிட தகிடன்னு சொல்லிக்கிட்டே வாசிங்க, மிருதங்கம் கத்துக்கிற பசங்க சொல்ற மாதிரி. வாய்ல வராத கணக்கு கைல வராதுன்னு நம்ம ஊர் வாத்தியாருங்க சொல்றது வேடிக்கைக்கு இல்ல. 120ல நாலு நாலா வாசிச்சாலும் 80ல ஆறு ஆறா வாசிச்சாலும் ஒரு செகண்டுக்கு எட்டு நோட்டு தான், வேகம் குறையவே இல்ல, அதனால நம்பர் இறங்கிடுச்சேன்னு மனசு கஷ்டப்பட வேணாம். ஆனா நீங்க 80லயும் ஆரம்பிக்கக் கூடாது. 60 வச்சு மொதல்ல ஒரு கிளிக்குக்கு ஒரே ஒரு நோட்டு, அப்புறம் மூணு, ஒரு நோட்டு கூட ஒட்டாம வந்தப்புறம் 50க்கு இறக்கி ஆறு. சலிப்பா தான் இருக்கும், என்ன பண்றது.

அதுவும் அஞ்சு ஸ்ட்ரிங்ல இல்ல. அந்த ஷேப்பை இப்போதைக்கு மூட்டை கட்டி வைங்க. அதுல நாலாவது, மூணாவது ஸ்ட்ரிங் ரெண்டுலயும் 14வது ஃப்ரெட்டை மோதிர விரல் ஒன்னே புடிக்கணும், மொதல்ல விரல் நுனி, அப்புறம் அதைப் படுக்க வச்சு மூணாவது ஸ்ட்ரிங், படுக்கறப்பவே நுனி தளரணும், திரும்பி வர்றப்ப அதுக்கு உல்டா. இந்த உருட்டல் தான் ஸ்வீப்லயே கஷ்டமான இடம், நீங்க அதுலயே போய் ஆரம்பிச்சிருக்கீங்க, மணிக்கட்டு வலிக்காம என்ன செய்யும்.

மூணு ஸ்ட்ரிங்ல ஆரம்பிங்க. மூணாவது ஸ்ட்ரிங் 14 மோதிர விரல், ரெண்டாவது 13 நடு விரல், ஒன்னாவது 12 ஆள்காட்டி, அதே ஸ்ட்ரிங்ல 17 சுண்டு விரல். அதே ஏ மைனர் தான், ஆனா ஒரு ஸ்ட்ரிங்குக்கு ஒரு விரல், உருட்டலே இல்ல. வரிசை 14, 13, 12, 17, 12, 13, ஆறு நோட்டு, மறுபடி 14. மொதல் மூணும் டவுன், ஆனா மூணு அடி இல்ல, ஒரே விழுகை. 17 ஹாமர் (பிக் இல்லாம விரலைத் தட்டி ஒலிக்க வைக்கிறது), திரும்பி 12 புல் ஆஃப் (விரலை இழுத்து எடுத்து ஒலிக்க வைக்கிறது), 13க்கு மட்டும் ஒரு அப், அதோட பிக் மேல போய் அடுத்த சுத்துக்கு தயாரா நிக்கும். பாருங்க, ஆறு நோட்டுல வலது கை தொடறது நாலு தான், ரெண்டு இடது கை பாத்துக்கும். அந்த ரெண்டும் சத்தம் கம்மியா வந்தா சுண்டு விரலுக்கு பலம் பத்தலன்னு அர்த்தம், அதை மட்டும் தனியா பழகுங்க.

இதெல்லாம் பண்ணினாலும் ஆம்ப் போடாம பழகினா பிரயோஜனம் பாதி தான். எலக்ட்ரிக் கிட்டாரை வெறுமனே வாசிச்சா ஹாமரும் புல் ஆஃபும் காதுல விழாது, அதனால தன்னாலயே பிக்கை ஓங்கி அடிக்க ஆரம்பிச்சுடுவீங்க, இடது கையையும் தேவைக்கு மேல அழுத்துவீங்க, மூடாத ஸ்ட்ரிங் இரையறதும் தெரியாது. ஆறு மாசமா உங்களுக்கே தெரியாம நடந்தது இது தான்னு நினைக்கிறேன். ஆம்ப்ல ஹெட்ஃபோன் ஓட்டை இருந்தா அதைப் பயன்படுத்துங்க, இல்லன்னா கிட்டார் ஜாக்ல நேரா சொருகற குட்டி ஹெட்ஃபோன் ஆம்ப் கிடைக்குது, யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. மொதல்ல கிளீன் சவுண்டு, அதுல எந்த நோட்டு சின்னதா வருதுன்னு தெரியும். அப்புறம் டிஸ்டார்ஷன், அதுல எந்த ஸ்ட்ரிங் மூடாம கிடக்குதுன்னு தெரியும். ரெண்டும் வேணும், கெயினை, அதாவது டிஸ்டார்ஷன் அளவை, முழுசா திருகி வச்சு எல்லாத்தையும் மறைச்சுக்கிட்டா ரெக்கார்டிங்ல மாட்டிக்குவீங்க, ஏற்கனவே மாட்டிக்கிட்டீங்க. பிக்கப் சுவிட்சை கழுத்துப் பக்கம் தள்ளுங்க, சத்தம் உருண்டையா வரும்.

இது மெட்டல்காரங்க சமாச்சாரம்னு நினைச்சு கேக்கற பாட்டையும் அதோட நிறுத்திக்காதீங்க. லெஸ் பால், டால் ஃபார்லோ, பார்னி கெஸல்னு பழைய ஜாஸ் ஆளுங்க கைலயே இது அங்கங்க இருந்துச்சு. 1980கள்ல ஆஸ்திரேலியாக்காரர் ஃப்ராங்க் காம்பேல் இதை ஒரு முறையாவே ஆக்கினார், அவரோடது ஜாஸ் ஃபியூஷன், ஆர்பெஜியோல மட்டும் இல்ல ஸ்கேல்லயும் ஸ்வீப் பண்ணுவார். வயலின் மேதை பகனினி மேல பித்தா இருந்த ஸ்வீடன்காரர் இங்வே மால்ம்ஸ்டீன் 1984ல தனி ஆல்பத்தோட வந்து ராக் பக்கம் இதைப் பரப்பினார், உங்களுக்கு நான் சொன்ன மூணு ஸ்ட்ரிங் ஷேப் அவர் கைல வாழ்ந்தது தான். அஞ்சு ஸ்ட்ரிங்ல நீளமா பாடற மாதிரி கேக்கணும்னா ஜேசன் பெக்கர், இருபது வயசுக்குள்ள அவர் வாசிச்சதை இன்னைக்கும் பசங்க எட்டிப் புடிக்கப் பாக்கறாங்க. மெதுவாக்கிக் கேளுங்க, நோட்டுக்கு நோட்டு இடைவெளி ஒரே அளவா இருக்கும், அது தான் அவங்க கிட்ட எடுத்துக்க வேண்டியது.

நான் ஆர்கெஸ்ட்ரால வாசிக்கிறவன், ஒளிவு இல்லாம சொன்னா கல்யாணத்துலயும் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சீசன்லயும் ஸ்வீப்புக்கு வேலையே வராது, யாரும் கேக்கவும் மாட்டாங்க. அங்க சோறு போடறது ரிதம். அப்புறம் ஏன் சொல்லித் தர்றேன்னா, ஸ்வீப் ஒழுங்கா பழகின பையனுக்கு மியூட்டிங், அதான் வேண்டாத ஸ்ட்ரிங்கை அடக்கறது, சுத்தமாயிடும், அதுக்கப்புறம் அவன் சாதாரண ரிதம் வாசிச்சாக் கூட இரைச்சல் இல்லாம இருக்கும், மேடைல அது உடனே தெரியும். இன்னொன்னு, ஏற்காடு கோடை விழா மாதிரி மலை மேல ராத்திரி வாசிச்சவங்களுக்குத் தெரியும், மே மாசமா இருந்தாலும் குளிர்ல விரல் விறைச்சுக்கும். பிப்ரவரில உங்க காலேஜ் கிரவுண்டும் பொழுது சாஞ்சா கொஞ்சம் சில்லுன்னு தான் இருக்கும், அதனால மேடை ஏறறதுக்கு முன்னாடி கையைத் தேச்சு சூடு பண்ணி, மெதுவான ஸ்கேல் கொஞ்ச நேரம் வாசிச்சுட்டு ஏறுங்க. விறைச்ச கையோட நேரா ஸ்வீப்புக்குப் போகாதீங்க.

கல்ச்சுரல்ஸ்க்கு அஞ்சு ஸ்ட்ரிங் வேணாம், மூணு ஸ்ட்ரிங்லயே கைதட்டு வாங்கலாம். சோலோ முடியற இடத்துல ஏ மைனர், ஜி, எஃப், ஈ மேஜர்னு நாலு கார்டு இறங்கட்டும். ஏ மைனர் மேல சொன்னது தான். ஜி மேஜருக்கு மூணாவது ஸ்ட்ரிங் 12, ரெண்டாவது 12, ஒன்னாவது 10, 15. எஃப்புக்கு அதே உருவம் ரெண்டு ஃப்ரெட் கீழ, 10, 10, 8, 13. ஈக்கு இன்னும் ஒன்னு கீழ, 9, 9, 7, 12. மேஜர் ஷேப்ல மூணாவது ஸ்ட்ரிங்குக்கு நடு விரல், ரெண்டாவதுக்கு மோதிர விரல், படுக்க வைக்காதீங்க. கீழ வர வர ஃப்ரெட் அகலமாகும், ஈல சுண்டு விரல் இழுக்கும், அங்க வலி வந்தா அந்த 12ஐ விட்டுட்டு மூணு நோட்டோட நிறுத்திக்கலாம், யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு கார்டும் ரெண்டு சுத்து, அதாவது ரெண்டு கிளிக், மொத்தம் எட்டு கிளிக், 80ல வாசிச்சா ஆறு செகண்ட்ல முடிஞ்சுடும். பிப்ரவரிக்குள்ள 80 வரலன்னா 66ல வாசிங்க, டிரம்ஸ் வாசிக்கிற பையனையும் அதுக்கே செட் பண்ணச் சொல்லுங்க, கூட்டத்துல நிக்கிறவன் கைல மெட்ரோனோமா இருக்கு. முடிக்கிறப்ப மூணாவது ஸ்ட்ரிங் 14ல வந்து நின்னு நல்லா ஆட்டி விடுங்க.

கீபோர்டு வாசிக்கிற ஃபிரெண்டு கிட்ட மட்டும் முன்னாடியே சொல்லி வச்சுடுங்க, கடைசி கார்டு ஈ மேஜர்னு. பழக்க தோஷத்துல ஈ மைனர் புடிச்சுட்டான்னா உங்க ஈ மேஜர்ல இருக்கிற ஜி ஷார்ப் மேல அவனோட ஜி வந்து இடிக்கும், தப்பு உங்க பேர்ல தான் எழுதுவாங்க.